மறுமொழி: ஸ்கெலிட்டன் ஸ்கிரீனுக்கு ‘வரிச்சுத்திரை’ சரிவருமா?

எல்லோருக்கும் வணக்கம். இணையப்பக்கம் வந்து சேரும் வரை காட்டும் வெற்றுச் சாம்பல் அமைப்பை ஆங்கிலத்தில் ‘ஸ்கெலிட்டன் ஸ்கிரீன்’ (எலும்புக்கூட்டுத் திரை) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இந்த இழையில் ‘வரிச்சுத்திரை’ என்பதை நான் முன்வைக்கிறேன்.

‘எலும்புக்கூட்டுத் திரை’ என்று முதலில் எழுதியவரை நான் குறை சொல்ல வரவில்லை. ஆங்கிலத்தில் அப்படித்தான் இருக்கிறது, நேராகப் பெயர்த்திருக்கிறார். ஆனால் நான் முல்லைத்தீவில் இருந்து எழுதுகிறேன். 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க்குழாய் பதிக்க மண் வெட்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிவந்தன. இங்குள்ள பிள்ளைகளுக்கு இணையப்பக்கம் செய்யச் சொல்லிக் கொடுக்கும்போது அந்தச் சொல்லைப் பலகையில் எழுத எனக்குக் கை வராது.

இலங்கைப் பாடநூல்களில் எலும்புக்கூட்டுக்கு உள்ள ‘வன்கூடு’ நல்ல சொல்தான். நண்டுக்கும் இறாலுக்கும் பொருந்தும். ஆனால் ‘வன்கூட்டுத் திரை’ என்றால் வன்பொருள் பழகிய காதுக்கு ஏதோ கணினியின் உடைந்த திரை மாதிரிக் கேட்கிறது. ‘கூட்டுத் திரை’ என்று சுருக்கினாலோ, நாலு பேர் சேர்ந்து பார்க்கும் திரை ஆகிவிடும். இந்த இழையில் சென்னை அண்ணா சொன்ன ‘சட்டகத் திரை’யை நானும் முதலில் ஏற்கத்தான் இருந்தேன். ஆனால் சட்டகத்தை ஏற்கெனவே ஃபிரேமுக்கும் ஃபிரேம்வொர்க்குக்கும் கொடுத்துவிட்டோம், இன்னும் எத்தனை சுமையை அதன் தலையில் ஏற்றுவது?

சரி, பொருளுக்கு வருவோம். பக்கம் வந்து சேரும் வரை சுழலும் வட்டத்தைக் காட்டினால், ஆட்கள் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். காத்திருப்பு இன்னும் நீளமாகத் தெரிகிறது. அதனால் படம் வரும் இடத்தில் ஒரு சாம்பல் கட்டம், எழுத்து வரும் இடத்தில் சில சாம்பல் கோடுகள் என்று வெற்று அமைப்பை முதலில் காட்டிவிடுவது. 2013இல் லூக் ரொப்லெவ்ஸ்கி என்ற வடிவமைப்பாளர் இதற்கு அந்த ஆங்கிலப் பெயரை வைத்து எழுதினார், பிறகு பேஸ்புக் முதல் எல்லாரும் செய்கிறார்கள். இதனால் பக்கம் ஒரு நொடிகூட முந்தி வராது, வருகிறது என்ற தெம்பு மட்டும் கிடைக்கும்.

போன வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் படங்களுக்கு ஒரு பக்கம் செய்தேன். கைபேசியில் எடுத்த 40 படங்கள், ஒவ்வொன்றும் 4 மெகாபைட் அளவில், யோசிக்காமல் அப்படியே போட்டுவிட்டேன். மொத்தம் 160 மெகாபைட். நொடிக்கு 2 மெகாபிட் வரும் இணைப்பில் (8 மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட்) கணக்குப் பார்த்தால் பத்து நிமிடத்துக்கு மேல்! பொங்கலன்று கோயிலடியில் அந்த 2 மெகாபிட்டும் கிடைக்காது, அது வேறு கதை. பிறகு ஒவ்வொன்றையும் 150 கிலோபைட் வெப்பி (WebP என்ற, அளவு குறைந்த கோப்பு வடிவம்) படமாகச் சுருக்கி, சாம்பல் கோடுகளையும் போட்டு, அம்மம்மாவிடம் காட்டினேன். அவ கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தா.

“என்னடா, வரிச்சு கட்டி விட்டிருக்கிறாய். மண் எப்ப வைக்கப் போறாய்?”

மண் சுவர் வைக்கும்போது கப்பு என்ற மரத்தூண்களை நட்டு, குறுக்கே தடிகளை வரிசையாகக் கட்டி, அப்புறம்தான் மண் அப்புவது. அந்தத் தடிகள்தான் வரிச்சு. தடிகள் மட்டும் நிற்கும் அந்த நாட்களில் தெருவில் போகிறவருக்கே எது வாசல், எது யன்னல் என்று தெரிந்துவிடும். திரையில் நாம் காட்டுவதும் அதுதானே? இன்னொன்றும் பொருந்துகிறது. வரிச்சு எந்த அளவோ சுவரும் அந்த அளவு. படத்தின் அகல உயரத்தை முன்கூட்டியே கொடுக்காமல் சாம்பல் கட்டம் போட்டால், படம் வந்ததும் கீழே உள்ள எழுத்தெல்லாம் துள்ளிக் குதிக்கும், ஒன்றைத் தொடப்போன விரல் வேறொன்றைத் தொடும். அளவு தப்பிய வரிச்சு என்றால் இங்கே யாருக்கும் விளங்கும்.

மறுப்பு ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். வரிச்சு சுவருக்குள்ளேயே இருந்துவிடும், இந்தச் சாம்பல் கோடுகளோ படம் வந்ததும் அழிந்துபோகும். உண்மைதான். ஆனால் மண் பூசியபின் வரிச்சை யார் பார்க்கிறார்கள்? தனிக் கோட்டுக்கு ‘வரிச்சுப் பட்டை’, செய்கைக்கு ‘வரிச்சிடல்’ என்று வினையும் கிளைக்கிறது. சட்டகத்தில் அது வராது.

‘லேசி லோடிங்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இழை நீண்டுகொண்டே போவதால் இங்கேயே ஒரு வரி. ‘சோம்பேறி ஏற்றம்’ வேண்டவே வேண்டாம். கண்ணுக்கு எட்டும் நாலு படத்தை மட்டும் முதலில் எடுத்து, மீதியை உருட்டும்போது எடுப்பது சோம்பலா? எங்கள் பக்கத்தில் ‘ஆறுதலாக வாங்கோ’ என்றால் அவசரமில்லாமல் வாருங்கள் என்று பொருள். ‘ஆறுதல் ஏற்றம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு அது துக்கம் விசாரிப்பது போலத் தோன்றுமானால் சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன்.

வரிச்சை மட்டும் இலேசில் விடமாட்டேன். மட்டக்களப்பில், மன்னாரில், தஞ்சாவூர்ப் பக்கம் இந்தத் தடிகளுக்கு என்ன பேர்? அடுத்த மாதம் மாங்குளத்தில் தொடங்கும் வகுப்புக்குக் குறிப்பு அச்சடிக்க வேண்டும், அதற்குள் எழுதினால் உதவி.