முதலில் தராசு, அப்புறம்தான் பிரஸ்

ரைபிள் தோட்டாவை வீட்டில் திரும்ப நிரப்பப் பழகுகிறவர் முதல் காசை எதில் போட வேண்டும்? இதைப் பற்றி என் அண்ணனும் மாமாவும் பேசிக்கொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

அண்ணன் அமெரிக்காவில், மொன்டானாவில் இருக்கிறார். அங்கே உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போகலாம். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வைத்து, கேப் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்) மாற்றி, வெடிமருந்து போட்டு, புது குண்டு பொருத்திக்கொள்வதும் பலர் செய்கிற வேலைதான். மாமா அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் வெடிமருந்துக்குப் பக்கத்தில் இருந்த மனிதர்.

அண்ணன் லீவில் வந்திருந்தபோது, டீயும் வர்க்கியும் முன்னால் இருக்க, வாங்கப்போகும் சாமான்களை மாமாவுக்குப் படித்துக் காட்டினார். முதலில் இருந்தது ப்ரோக்ரெஸிவ் பிரஸ், தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் கை மெஷின். கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஒரு தோட்டா முழுசாக வந்து விழும். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்ளே, மருந்தை எதுல நிறுப்பே?" என்றார். தராசு பட்டியலின் கடைசியில் இருந்தது, அதுவும் இருப்பதிலேயே மலிவானது.

மாமா கோபப்படவில்லை, ஆனால் விடவும் இல்லை. மருந்தை நிறுக்கும் கணக்கு கிரெயின். ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். தராசு அதில் பத்தில் ஒரு பங்கைக் காட்ட வேண்டும், அதாவது 6.5 மில்லிகிராம். சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. புகையில்லா மருந்து அழுத்தம் கூடக்கூட இன்னும் வேகமாக எரியும். அதனால் கொஞ்சம் கூடிப்போனாலும் உள்ளே அழுத்தம் அந்தக் கொஞ்சத்தோடு நிற்காது. அந்த ரைபிளுக்குப் பின்னால் இருப்பது நம் முகம். நல்ல கோல் தராசு ஒன்று, அதைச் சோதிக்க எடைக்கற்கள், மருந்து அளவு போட்ட கையேடு ஒன்று, இவை முதலில். கையேட்டில் தொடக்க அளவு என்று எது இருக்கிறதோ அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

பிரஸ் விஷயத்தில் சிங்கிள் ஸ்டேஜ் போதும் என்றார். ஒரு நேரத்தில் ஒரே டை (கூட்டை உள்ளே விட்டு அழுத்தும் அச்சு), ஒரே வேலை. எல்லாக் கூடுகளுக்கும் ஒரு வேலையை முடித்த பிறகே அடுத்தது. மெதுவாகத்தான் போகும், ஆனால் புதியவர் ஒவ்வொரு கூட்டையும் கண்ணால் பார்த்துவிடுவார். எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. ஆர்சிபிஎஸ் ராக் சக்கர் மாதிரி வார்ப்பிரும்புப் பிரஸ் பழையதாகக் கிடைத்தாலும் நம்பி வாங்கலாம், பல வருஷம் உழைக்கும்.

மற்றவை சின்னச் சாமான்கள். ரைபிளுக்கு டை இரண்டு, கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவர ஒன்று, குண்டைப் பொருத்த ஒன்று. கூட்டில் எண்ணெய்ப் பசை தடவாமல் ஏற்றினால் டைக்குள் இறுகிவிடும். நீளம் அளக்கும் காலிப்பரும் வேண்டும், ஏனென்றால் திரும்பத் திரும்பத் துப்பாக்கியில் போட்டுச் சுடும்போது பித்தளைக் கூடு நீளும். .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவின் கூடு 51.18 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வெட்டிக் குறைக்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கேப் பக்கமே போகக் கூடாது. மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பா. மிச்சத்தை அதே டப்பாவில் கொட்டி மூடிய பிறகுதான் இன்னொன்றை எடுக்கலாம். இந்தக் கடைசி விஷயத்தை மாமா இரண்டு தடவை சொன்னார்.

நம் ஊரில் இதைப் படித்து ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி லைசென்ஸ் கையில் இருப்பது மட்டும் போதாது.

அண்ணன் திரும்பிப் போய் மாமா சொன்ன வரிசையிலேயே வாங்கி, மேஜையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். மாமா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். நிறுக்கும்போது மேலே இருக்கும் ஃபேனை நிறுத்தச் சொல்லி உடனே போன் போட்டார், காற்றுப் பட்டால் கோல் நிலைக்காது என்று.