சேரலாதன் 41 வயதில் ஆடினாராம், அதனால் கபடி சுலபமாம்!

மேட்டுத்தெரு ரெய்டர்:
வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் காயம் பற்றிய இழையில் லெக் கட்டர் என்ற அன்பர் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "உடம்பை அதிகம் உடைக்கும் விளையாட்டு வேகப்பந்து வீச்சுதான். கபடி 40 நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால்தான் கபடி வீரர் சேரலாதன் 41 வயதில் உலகக் கோப்பை ஆடினார்." அங்கேயே பதில் எழுதியிருப்பேன். ஆனால் அந்த இழையில் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதைப் பேசினாலும் பத்துப் பேர் சேர்ந்து விரட்டுகிறார்கள். அதனால் இந்தத் தனி இழை.

40 நிமிடமாம்! ரெய்டு போகிறவனுக்கு, அதாவது எதிரணிப் பக்கம் போய் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியவனுக்கு, 30 நொடி. எதிரே ஏழு பேர். ஒருவன் கணுக்காலைப் பிடிப்பான், இன்னொருவன் தொடையை அணைப்பான், மூன்றாவது ஆள் பக்கவாட்டில் வந்து டேஷ் அடிப்பான். முட்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. ரெய்டர் பவன் செராவத்தை 2022இல் புரோ கபடி லீக்கில் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி கொடுத்து எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முட்டி போய், சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்தார். பர்தீப் நர்வால் 1,800க்கும் மேல் ரெய்டு புள்ளி எடுத்தவர். 2025 ஏலத்தில் எடுக்க ஆளில்லை, 28 வயதில் ஓய்வு. கிரிக்கெட்டில் 28 என்றால் இன்னும் 'வளரும் இளம் வீரர்'.

இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஆண்டர்சன் 41 வயது வரை டெஸ்டில் பந்து போட்டார். எது உடம்பை உடைக்கும் விளையாட்டு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

லெக் கட்டர்:
இவ்வளவு நீளமாக எழுதியும் கேள்விக்குப் பதில் வரவில்லையே தம்பி. சேரலாதன் 41 வயதில் ஆடினாரா, இல்லையா? 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பை வாங்கினார். அதே வருடம் அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தார். 1975இல் பிறந்தவர். கணக்கு நீங்களே போடுங்கள்.

வேகப்பந்து வீச்சைப் பற்றி: ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் தரையில் இறங்கும்போது உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலே ஏறுகிறது. அதே நொடியில் முதுகு வளைந்து முறுக்குகிறது. நம்ம பாலாஜி முதுகு எலும்பு விரிசலோடு எத்தனை வருடத்தைத் தொலைத்தார்? ஷேன் பாண்ட் ஆடியது மொத்தம் 18 டெஸ்ட். பும்ரா 2023இல் முதுகில் கத்தி வைத்துக்கொண்டார். சேலத்து நடராஜன் பிரிஸ்பேனில் ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், அதற்கப்புறம் முட்டி அறுவை சிகிச்சை. ஆண்டர்சனை மட்டும் காட்டி இவர்களை எல்லாம் மறைக்கப் பார்க்கிறீர்கள்.

மேட்டுத்தெரு ரெய்டர்:
முதலில் தம்பி என்று கூப்பிடுவதை விடுங்கள். எனக்கு உங்களைவிட வயது கூட இருக்கலாம்.

சேரலாதன் வலது கார்னர், அதாவது வலது ஓரத்தில் நின்று ரெய்டரைப் பிடிப்பவர். அவர் ரெய்டுக்குப் போவதே அபூர்வம். கார்னரில் நிற்பவருக்குக் கண்ணும் நேரமும்தான் மூலதனம். ரெய்டர் கால் எப்போது பின்னால் வரும் என்று பார்த்து நின்று, ஒரே பிடி. அது அனுபவத்தில் வருவது. ரெய்டர்களில் 41 வயதில் உலகக் கோப்பை ஆடிய ஒருவரைக் காட்டுங்கள், நான் இந்த இழையை மூடிவிடுகிறேன்.

லெக் கட்டர்:
ஆக, கார்னர் சுலபம்! கபடியில் பாதிப் பேர் சுலபமான வேலை செய்கிறார்கள் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. இன்னொன்று, நீங்கள் சொன்ன பவனுக்கு முட்டி போனது ரெய்டிலா? எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போனபோது! கண்ணும் நேரமும் எங்கே போயின?

வியாசை விங்கர்:
இரண்டு பேரும் சண்டை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 90 நிமிடத்தில் 10, 12 கிலோமீட்டர் ஓடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறது. வியாசர்பாடிப் பக்கம் வந்தால் காட்டுகிறேன். நடுக்களத்தில் ஆடுபவன் டீ குடிக்க மைதானத்தை விட்டு வெளியே போவதில்லை.

லெக் கட்டர்:
கஸுயோஷி மியுரா 58 வயதிலும் ஜப்பானில் பந்து உதைத்துக்கொண்டு இருந்தார். அடுத்தவர் வரலாம்.

வியாசை விங்கர்:
மியுரா கடைசி வருடங்களில் ஒரு ஆட்டத்தில் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தார் என்று தேடிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். புஃபோனையும் இழுப்பீர்கள் என்று தெரியும், 45 வயது வரை ஆடினார். அவர் கோல்கீப்பர். கோல்கீப்பரை வைத்துக் கால்பந்தை அளப்பது விக்கெட் கீப்பரை வைத்து வேகப்பந்து வீச்சை அளப்பது மாதிரி.

கோவை பிசியோ:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'உடல் சுமை' என்று எதைச் சொல்கிறீர்கள்? இதயத்துக்கும் மூச்சுக்கும் ஏறும் வேலையா, ஒரே எலும்பில் ஆயிரக்கணக்கான முறை விழும் அடியா, ஆளோடு ஆள் மோதுவதா? மூன்றும் வேறு வேறு. வேகப்பந்து வீச்சாளருக்கு வருவது பெரும்பாலும் தேய்மானக் காயம். கீழ்முதுகில், பந்து போடும் கைக்கு எதிர்ப்பக்கம் விரிசல் விழும். அதுவும் இருபதுகளின் தொடக்கத்திலேயே அதிகம், எலும்பு அப்போது முழுதாக முற்றியிருக்காது. கபடியில் வருவது திடீர்க் காயம், முட்டித் தசைநார் ஒரே நொடியில் அறுந்துவிடும். முதல் வகையில் சுமையைக் கணக்குப் பார்த்துக் குறைக்கலாம், இரண்டாவது வகையில் அதற்கு வழி குறைவு.

அப்புறம், ஒருவர் நீண்ட நாள் ஆடினார் என்பதை வைத்து விளையாட்டை எடைபோட முடியாது. ஒக்ஸானா சுசோவிட்டினா 46 வயதில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வால்ட் தாண்டினார், அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக். ஜிம்னாஸ்டிக்ஸ் சுலபம் என்பீர்களா?

மேட்டுத்தெரு ரெய்டர்:
பார்த்தீர்களா, பிசியோவே சொல்லிவிட்டார். கிரிக்கெட் காயத்தைக் கணக்குப் போட்டுக் குறைக்கலாம், கபடிக் காயத்துக்கு அது முடியாது.

லெக் கட்டர்:
பார்த்தீர்களா, பிசியோவே சொல்லிவிட்டார். வேகப்பந்து வீச்சாளருக்கு இருபது வயதிலேயே முதுகு உடைகிறது.

கோவை பிசியோ:
நான் சொன்னது அதுவல்ல.

மேட்டுத்தெரு ரெய்டர்:
லெக் கட்டருக்கு ஒரே கேள்வி. ஆண்டர்சன் 41 வயதில் எப்படி ஆடினார்? சுற்றி வளைக்காமல் சொல்லவும்.

லெக் கட்டர்:
2015 உலகக் கோப்பைக்கு அப்புறம் ஒருநாள் போட்டியையே விட்டுவிட்டு டெஸ்ட் மட்டும் ஆடினார். ஓட்டமும் ஆக்‌ஷனும் அலட்டல் இல்லாதவை. அப்படியும் 40,000 பந்துக்கு மேல் போட்டார். அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதல் வேகப்பந்து வீச்சாளர் அவர். லட்சத்தில் ஒருவர். சரி, உங்களுக்கும் ஒரே கேள்வி. சேரலாதன்?

மேட்டுத்தெரு ரெய்டர்:
உங்கள் ஆள் என்றால் லட்சத்தில் ஒருவர், என் ஆள் என்றால் விளையாட்டே சுலபம். நல்ல நியாயம் இது!

டல்லாஸ் தமிழன்:
இங்கே அமெரிக்கக் கால்பந்தில் இதே கேள்விக்குப் பதில் பச்சையாகவே தெரியும். டாம் பிரேடி 45 வயது வரை ஆடினார், அவர் பந்தை எறிந்து கொடுக்கும் குவார்ட்டர்பேக். அதே அணியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக் முப்பதைத் தொடுவதற்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடுவார். ஒரே மைதானம், ஒரே சட்டை. இடத்தைப் பொறுத்துத்தான் ஆயுள். பேஸ்பாலில் நோலன் ரையன் இதே டெக்சாஸில் 46 வயது வரை வேகமாக எறிந்தார்.

வியாசை விங்கர்:
அண்ணன் டல்லாஸில் இருப்பதைப் பெயரில் போட்டும் திருப்தி இல்லை, பதிவிலும் டெக்சாஸ் வர வேண்டும்.

டல்லாஸ் தமிழன்:
கருத்துக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் முகவரியைப் பிடித்துத் தொங்குவது வழக்கம்தான். போன வருடம் சந்தோஷ் டிராஃபி இழையிலும் இதையேதான் செய்தீர்கள். நான் மறக்கவில்லை.

வியாசை விங்கர்:
அந்த இழையில் என்னை 'லோக்கல்' என்று எழுதியது யார்? நானும் மறக்கவில்லை.

கரவெட்டியான்:
எங்கட இலங்கையில் தேசிய விளையாட்டு கைப்பந்து. குதிச்சுக் குதிச்சு முட்டி போன பெடியளை ஊரில் எத்தனையோ பேர் பார்த்திருப்பினம். அவையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை, ஏனெண்டால் தொலைக்காட்சியில் வாறதில்லை. மலிங்காவின்ட முட்டி எண்டால் மட்டும் எல்லாருக்கும் தெரியும். 2011இலேயே டெஸ்டை விட்டவர், ஒருநாள் ஆட்டம் 2019 வரைக்கும் போனது. ஆட்டத்தைக் குறைச்சால் ஆயுள் கூடும், அவ்வளவுதான் விசயம்.

மேட்டுத்தெரு ரெய்டர்:
கரவெட்டி அண்ணன் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். கிரிக்கெட்டில் டெஸ்டை விடலாம், ஒருநாளை விடலாம், 24 பந்து போட்டுவிட்டு எல்லைக்கோட்டருகே கை கட்டி நிற்கலாம். 2023இலிருந்து ஐபிஎல்லில் அதுவும் வேண்டாம், இம்பாக்ட் பிளேயர் விதியில் நாலு ஓவரைப் போட்டுவிட்டு டக்அவுட்டில் போய் உட்காரலாம். கபடியில் எதை விடுவது? லீக்கில் இருப்பது ஒரே வடிவம். ஒரு சீசனில் 22 லீக் ஆட்டம் வரை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டமும் அதே மேட், அதே ஏழு பேர், அதே பிடி. வலி இருந்தாலும் வெளியே சொல்லமாட்டார்கள், அடுத்த ஏலத்தில் விலை இறங்கிவிடும்.

லீக் வருவதற்கு முன்னால் இன்னும் மோசம். ஊர் ஊராக மண்தரையில் இரவு முழுக்க ஆட்டம், விடியற்காலையில் இறுதிப் போட்டி. கையில் கிடைப்பது அண்டா, குத்துவிளக்கு, கொஞ்சம் பணம். ரயில்வேயிலோ போலீஸிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்காதா என்றுதான் ஆடினார்கள். வேலை கிடைத்ததும் அந்தத் துறை அணிக்கு ஆட வேண்டும், நின்றால் மதிப்பு போய்விடும். சேரலாதன் தலைமுறை அப்படி வந்தது. லீக் 2014இல் தொடங்கியபோது அவருக்கு 39. உடம்பு ஓய்வு கேட்கும் வயதில்தான் அவருக்குக் காசும் கேமராவும் வந்தன. அதை "சுலபம்" என்று எழுத எப்படி மனசு வந்தது?

லெக் கட்டர்:
உருக்கமாக இருக்கிறது. ஆனால் 39 வயதில் தொடங்கி நாற்பதைத் தாண்டியும் லீக் ஆடினார் என்று நீங்களே சொல்கிறீர்கள். எந்த நாட்டிலாவது 39 வயதில் வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் புதிதாக ஒரு லீக்கில் நுழைந்து அப்புறம் கோப்பை வென்ற கேப்டன் ஆனார் என்று காட்டுங்கள் பார்ப்போம்.

மேட்டுத்தெரு ரெய்டர்:
அது அவருடைய திறமை!

லெக் கட்டர்:
ஆண்டர்சனுக்கு மட்டும் திறமை இல்லையா?

கோவை பிசியோ:
இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று...

மேட்டுத்தெரு ரெய்டர்:
சார், கிளினிக் விளம்பரத்துக்கு வேறு பகுதி இருக்கிறது.

கோவை பிசியோ:
நான் எங்கே விளம்பரம் செய்தேன்? கிளினிக் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நல்லதுக்குக் காலமில்லை.

மஞ்சள் விசில்:
இம்பாக்ட் பிளேயர் என்று பெயர் சொல்லாமல் யாரைக் குத்துகிறீர்கள் என்று புரிகிறது ரெய்டர். தோனி 43 வயதில் 2025 சீசனில் 20 ஓவரும் குனிந்து எழுந்து கீப்பிங் செய்தார். 2023இல் முட்டி வலியோடு முழு சீசனும் ஆடிக் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அறுவை சிகிச்சைக்குப் போனார். உங்கள் தலைவாஸ் இதுவரை எத்தனை கோப்பை?

மேட்டுத்தெரு ரெய்டர்:
நான் எழுதியது பந்து போடுகிறவர்களைப் பற்றி. நாலு ஓவர் என்று தெளிவாக இருக்கிறது. ஐபிஎல்லில் தோனி என்றைக்கு நாலு ஓவர் போட்டார்?

மஞ்சள் விசில்:
பேச்சை மாற்றாதீர்கள். எத்தனை கோப்பை?

மேட்டுத்தெரு ரெய்டர்:
கோப்பைக்கும் உடல் சுமைக்கும் என்ன சம்பந்தம்? தோனி ஒன்பதாவதாக இறங்கி ஆடுவதும் உடல் சுமையில் சேருமா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

லெக் கட்டர்:
மஞ்சள் விசில், தயவுசெய்து என் பக்கம் நிற்க வேண்டாம். நான் பேசுவது வேகப்பந்து வீச்சைப் பற்றி. கீப்பிங்கெல்லாம் உடல் சுமையே இல்லை.

மஞ்சள் விசில்:
என்னது, கீப்பிங் சுமை இல்லையா?! ஒரு நாள் முழுக்கக் குந்தி எழுந்து பாருங்கள், அப்புறம் தெரியும்!

வியாசை விங்கர்:
ஆரம்பித்தாயிற்று.

லெக் கட்டர்:
உட்கார்ந்து எழுவதற்கும் முன்காலில் பல மடங்கு எடை இறங்குவதற்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் என்ன பேசுவது? பட்டியல் வேண்டுமா? நாற்பதைத் தாண்டி டெஸ்டில் கீப்பிங் செய்தவர்கள் பழைய காலத்திலிருந்தே இருக்கிறார்கள்.

மேட்டுத்தெரு ரெய்டர்:
நாற்பதைத் தாண்டி டெஸ்டில் பந்து போட்டவர்களும் பழைய காலத்திலிருந்தே இருக்கிறார்கள். வில்ஃபிரெட் ரோட்ஸ் 1930இல் கடைசி டெஸ்ட் ஆடும்போது 52 வயது!

லெக் கட்டர்:
அவர் ஸ்பின்னர்!!

மேட்டுத்தெரு ரெய்டர்:
சேரலாதன் கார்னர்!!

மஞ்சள் விசில்:
கீப்பிங் பற்றி எழுதியதற்கு லெக் கட்டர் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பதை எல்லோரும் கவனிக்கவும். காத்திருக்கிறேன்.