ஃபைபர் சிமென்ட் சைடிங்: அடி விளிம்பு உப்பினால் மொத்தமாக மாற்ற வேண்டுமா?

பிளேனோவாசி கேட்டது:

அமெரிக்காவில் டல்லஸ் பக்கம் பிளேனோவில் வீடு, 2008இல் கட்டியது. முன்பக்கம் செங்கல், மற்ற மூன்று பக்கமும் ஹார்டி பலகை, அதாவது சுவரின் வெளிப்பக்கம் போர்த்தும் ஃபைபர் சிமென்ட் சைடிங். அகலம் 8.25 அங்குலம், வெளியே தெரிவது 7 அங்குலம். கராஜ் கூரை மாடிச் சுவரில் முட்டும் இடத்தில் கடைசி வரிசையின் அடி விளிம்பு உப்பி, பெயிண்ட் உரிந்து, நகத்தால் கீறினால் ஏடு ஏடாக வருகிறது. பின்பக்கம் மண்ணை ஒட்டிய வரிசையிலும் நான்கு பலகை அப்படி. மற்றதெல்லாம் தட்டினால் கெட்டியாகத்தான் இருக்கிறது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் மொத்தமும் பிரிக்கச் சொல்கிறார். கூரைக்கும் பலகைக்கும் நடுவே கால்க் (இடைவெளி அடைக்கும் பசை) வைத்து அடைத்தால் நிற்காதா?

சுவர்மேஸ்திரி:

கால்க் வைக்காதீர்கள். அந்த இடம் திறந்துதான் இருக்க வேண்டும். பலகைக்குப் பின்னால் இறங்கும் நீர் வெளியேற அதுதான் வழி. அடைத்தால் விளிம்பு ஈரத்திலேயே ஊறும்.

இந்தப் பலகை போர்ட்லண்ட் சிமென்ட், மணல், மரக்கூழ் நார் கலந்து நீராவி அழுத்தத்தில் இறுக்கியது. தீப்பிடிக்காது, கரையான் அரிக்காது. ஆனால் வெட்டிய விளிம்பு தண்ணீரை உறிஞ்சும். பெயிண்ட் பூசாத விளிம்பு கூரை ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு மழைக்கும் நனையும், உலர நேரமே கிடைக்காது. ஏடு பிரிவது அதனால்தான். மேலே இருக்கும் பலகைகளுக்கு இந்த நோய் பரவாது, ஆகவே மொத்தமாகப் பிரிக்கக் காரணமே இல்லை.

அளவுகளைச் சரிபாருங்கள். பலகையின் அடி விளிம்பு மண்ணிலிருந்து 6 அங்குலம், டெக் (வெளி மரத்தளம்), சிமென்ட் நடைபாதை, கூரை ஓடு இவற்றிலிருந்து 2 அங்குலம், ஜன்னல் தலைக்கு மேலுள்ள தகரத்திலிருந்து கால் அங்குலம். வீடு கட்டும்போது 6 அங்குலம் விட்டிருந்தாலும் வருஷா வருஷம் மல்ச் (செடிகளைச் சுற்றிப் பரப்பும் மரத்தூள், பட்டை) கொட்டிக் கொட்டி அது மறைந்துவிடும். பின்பக்கத்தில் முதலில் மண்வெட்டியை எடுங்கள். ஸ்பிரிங்க்ளர் தலை சுவரைப் பார்த்து அடிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கராஜ் கூரையில் இன்னொன்று. கூரை விளிம்பு முடிந்து மழைநீர்க் கால்வாய் தொடங்கும் மூலையில், நீரைச் சுவரிலிருந்து வெளியே தள்ளும் வளைந்த தகரத் துண்டு இருக்க வேண்டும். கிக்அவுட் ஃப்ளாஷிங் என்பார்கள். அது இல்லையென்றால் புதுப் பலகையும் இதே கதிக்குப் போகும், உள்ளே மரச்சட்டமும் மக்கும்.

உளிவாகு:

பலகையைக் கழற்றும் விதம்: ஒவ்வொன்றுக்கும் ஆணி மேல் விளிம்பில் இருக்கும், மேல் பலகை அதை 1.25 அங்குலம் மூடியிருக்கும். மேல் பலகையின் அடியில் தட்டையான கடப்பாரையை நுழைத்து, நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். ஒரே இடத்தில் நெம்பினால் நல்ல பலகையும் விரியும். வந்த இடைவெளியில் ரம்பத் தகட்டை விட்டு ஆணியை அறுத்துவிட்டால் பழையது கீழே இறங்கிவிடும். பின்னாலிருக்கும் ஹவுஸ்ராப் (சுவரை நீரிலிருந்து காக்கச் சுற்றிய தாள்) கிழிந்திருந்தால் அப்போதே ஒட்டுங்கள்.

புதியதைக் கீழிருந்து சொருகி, மேல் பலகையின் அடி விளிம்பிலிருந்து முக்கால் அங்குலம் மேலே, இரண்டும் சேரும்படி ஸ்டட் (சுவருக்குள் நிற்கும் மரச்சட்டம்) மீது கால்வனைஸ் ஆணி அடியுங்கள். ஆணித்தலை பலகையோடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே அமுங்கினால் பிடிப்புப் போய்விடும்; குழியை நிரப்பிவிட்டுப் பக்கத்தில் வேறொரு ஆணி அடியுங்கள்.

கூரைப் பக்கப் பலகையின் அகலத்தை 2 அங்குல இடைவெளிக்கு ஏற்றபடி குறைத்து வெட்டுங்கள். வெட்டிய விளிம்புக்கு மாட்டுவதற்கு முன்பே பிரைமரும் பெயிண்டும். இதைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர். உலர்ந்த பலகையைச் சாதாரண வட்ட ரம்பத்தில் அறுத்தால் சிலிக்கா தூசி எழும், நுரையீரலுக்குக் கேடு. கத்தரி மாதிரி வெட்டும் கருவி வாடகைக்குக் கிடைக்கும். ரம்பம்தான் என்றால் நான்கு பல் டைமண்ட் பிளேடு, தூசி உறிஞ்சும் வாக்குவம், முகக்கவசம், திறந்த வெளி.

பிளேனோவாசி:

அளந்து பார்த்தேன். பின்பக்கம் 1 அங்குலம்தான், கராஜ் மூலையில் அந்த வளைந்த தகரமும் இல்லை. பலகையும் பலகையும் பக்கவாட்டில் சேரும் இடங்களில் பழைய கால்க் வெடித்திருக்கிறது. முழு வீட்டுக்கும் பெயிண்ட் அடித்துவிடலாமா?

வண்ணக்கலவை:

முதலில் மண்ணை இறக்கி, தகரம் வைத்து, பலகை மாற்றிவிட்டு, கடைசியில் பெயிண்ட்.

உங்கள் பகுதிக் களிமண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும், அஸ்திவாரம் அதோடு அசையும். கால்க் வெடிப்பது பெரும்பாலும் அதனால். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நெகிழ்வான, பெயிண்ட் ஏற்கும் பாலியூரித்தேன் கால்க் வையுங்கள். சுத்த சிலிக்கோன் மேல் பெயிண்ட் ஒட்டாது. மூலைச்சட்டம், ஜன்னல் பக்கவாட்டு இவற்றில் கால்க் சரி. ஒரு பலகையின் அடி மற்றதன் மேல் படியும் கோட்டில் மட்டும் ஒருபோதும் வேண்டாம். புதிதாக மாற்றும் பலகைகளின் பக்கவாட்டுச் சேர்க்கைக்குப் பின்னால் 6 அங்குலத் தகரத் துண்டு வைத்தால் அங்கே கால்க்கே தேவைப்படாது.

கழுவ, தோட்டக் குழாய், மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்பு. பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் மேல்தோல் கிழியும். வடக்குச் சுவரில் கரும்பூஞ்சை இருந்தால் அதற்கான கிளீனர் போட்டு அலசி, இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். பழைய பெயிண்ட் கையில் மாவாக ஒட்டினால் அதைத் துடைத்தெடுத்து பிரைமர். வெறும் சிமென்ட் தெரியும் இடத்துக்குக் காரம் தாங்கும் பிரைமர். மேலே முழு அக்ரிலிக் இரண்டு கோட். எண்ணெய்ப் பெயிண்ட் சிமென்ட்டின் காரத்தில் சிதைந்து உரியும்.

பெயிண்ட் கடையில் நிறம் கலக்கும்போது வெளிறாத பழைய துண்டு ஒன்றைக் கொண்டுபோங்கள், டவுன்ஸ்பவுட்டுக்கு (மழைநீர் இறங்கும் குழாய்) பின்னால் கிடைக்கும்.