களுதாவளையில் அம்மாமாருக்கு ஒரு வகுப்பு: உங்கள் உதவி வேண்டும்

அக்காமார், அண்ணாமார், தங்கச்சிமார் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் பதினெட்டு அம்மாமாரைச் சேர்த்து சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு வகுப்புத் தொடங்குகிறேன். கடையில் எதைப் பார்த்து வாங்குவது, மனம் பாரமாகும்போது என்ன செய்வது, இவ்வளவுதான்.

போன கிழமை ஒரு தங்கச்சியோடு கடைக்குப் போனேன். பிள்ளைக்குப் பழச்சாறு என்று அவள் எடுத்த போத்தலில் சிவப்பு வட்டம். சீனி கூட இருந்தால் சிவப்பு, நடுத்தரம் செம்மஞ்சள், குறைவு பச்சை. 2016 முதல் இலங்கையில் விற்கும் இனிப்புக் குடிபானங்களில் இந்த அடையாளம் இருக்கிறது. "அழகுக்குப் போட்டது எண்டு நினைச்சன் அக்கா" என்றாள். மரக்கறிக்குப் பேர்போன ஊரில் பிள்ளைகள் பிஸ்கட்டில் வளர்வது எனக்குத் தாங்கவில்லை. வாசலில் முருங்கை நிற்கிறது, அவித்த பயறும் கடலையும் இருக்கின்றன.

ஆனால் லோன் தவணை நாளில் சமைக்கவே மனம் வராமல் பணிஸ் வாங்கிக் கொடுப்பதாகப் பலர் சொல்கிறார்கள். மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடச் சொல்லிக் கொடுப்பேன். அது மட்டும் போதாது.

அதனால் ஒரு உளவளத்துணையாளர் இரண்டு சனிக்கிழமை வர முடியுமா? மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் என்றால் போக்குவரத்துச் செலவு நான் தருவேன். அப்புறம், வீட்டில் எறியும் பிஸ்கட், நூடில்ஸ், பால்மா வெற்றுப் பக்கெட்டுகளைச் சேர்த்து வையுங்கள், விபரம் வாசித்துப் பழக வேண்டும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு தங்கச்சிமாரும் வேண்டும். முடிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.