மறு: மடிப்புக்கும் மடித்த கோட்டுக்கும் ஒரே சொல்லா?

வணக்கம் ஐயா,

பயிற்சித்தாளில், காகிதத்தை மடித்தால் விழும் கோட்டுக்குத் தனிச்சொல் வேண்டுமா என்ற பேச்சில் நீங்கள் எழுதியது:

> ‘மடிப்பு’ என்றே இருக்கட்டும். நாவில் புழங்கும் சொல் போதும்.

சட்டைக்கும் வேட்டிக்கும் போதும். வகுப்பில் போதவில்லை. போன வாரம் ஆறாம் வகுப்பில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து வெட்டினோம். பாதியாக மடிக்கச் சொல்லி, “மடிப்பைத் தொட்டுக் காட்டுங்கள்” என்றேன். சிலர் மடிந்த விளிம்புக் கோட்டைத் தொட்டார்கள். சிலர் மேலே மடங்கிக் கிடந்த அரைவட்டத்தில் உள்ளங்கையை வைத்தார்கள். இரண்டும் சரிதான். தமிழில் இரண்டுமே மடிப்பு.

காகிதத்தில் விழும் கோட்டுக்கு ‘மடிகோடு’ என்று தனியாக ஒரு சொல் வைக்கலாம் என்பது என் பரிந்துரை. தொடுகோடு (வளைவை வெட்டாமல் தொட்டுச் செல்லும் கோடு) போலவே வினைத்தொகை, வல்லினம் மிகாது.

அந்த ஒப்புமை ஓசையோடு நிற்கவில்லை. வட்டத்துக்குள், மையத்தை விட்டுத் தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். பரிதியில் ஓரிடம் அந்தப் புள்ளியைத் தொடும்படி மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்துப் பிரியுங்கள். பரிதியைச் சுற்றி முப்பது நாற்பது முறை இப்படியே செய்தால் நடுவில் ஒரு நீள்வட்டம் எழுந்து வரும். மையமும் புள்ளியும் அதன் குவியங்கள்; நீள்வட்டத்தின் எந்த இடத்திலிருந்தும் இவ்விரண்டுக்கும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை மாறாது. காரணம் எளிது: மடிகோடு என்பது பரிதிப் புள்ளிக்கும் உள்புள்ளிக்கும் இடையிலான மையக் குத்துக்கோடு, அதாவது அவற்றை இணைக்கும் கோட்டைச் செங்குத்தாகச் சரிபாதியில் வெட்டும் கோடு. மையத்திலிருந்து அந்தப் பரிதிப் புள்ளிக்குப் போகும் ஆரத்தை மடிகோடு வெட்டும் இடத்திலிருந்து இரண்டு குவியங்களுக்கும் உள்ள தூரத்தைக் கூட்டினால் எப்போதும் ஆரத்தின் நீளமே வரும். ஆக, ஒவ்வொரு மடிகோடும் நீள்வட்டத்துக்குத் தொடுகோடு. இந்த வாக்கியத்தை ‘மடிப்பு’ வைத்துச் சொல்லிப் பாருங்கள், தெளிவு போய்விடும்.

இதே கோட்டுக்கு இன்னொரு பரிந்துரையாக வந்த ‘மடிதடம்’ அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் தடம் என்றதும் புள்ளி நகர்ந்து போன பாதை என்று தோன்றும்; அதற்கு ‘இயங்குவரை’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. வளைவாகவும் மடிக்கலாமே, அது கோடா என்று கேட்டிருந்தீர்கள். வளைகோடு என்கிறோமே, அப்புறம் என்ன?

காகித மடிப்பு வடிவியலுக்கென்று டி. சுந்தர ராவ் எழுதிய நூல் 1893-லேயே சென்னையில் அச்சாயிற்று. ஆங்கில நூல் என்பதால் அவருக்கு இந்தச் சொல் தேவைப்படவில்லை. நமக்குத் தேவை.

மடிக்கும் செயலுக்கு ‘மடிப்பு’ அப்படியே இருக்கட்டும்: மேட்டு மடிப்பு, பள்ள மடிப்பு. சனிக்கிழமை பயிற்சித்தாள் அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள்.