‘பிரெசிபிடேட்’ என்ற சொல்லுக்கு ஓர் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் ‘பிரெசிபிடேட் டெசிஷன்’ என்று ஒரு தொடர் வருகிறது. யோசிக்காமல் அவசரப்பட்டு எடுத்த முடிவு என்பது வரை புரிகிறது.

வேரைத் தேடிப் போனால் லத்தீன். ‘பிரே’ என்றால் முன், ‘காபுட்’ என்றால் தலை. இரண்டும் சேர்ந்து, தலைகுப்புற விழுவது என்ற பொருள் வருகிறது. செங்குத்தான மலைவிளிம்பைச் சொல்லும் ‘பிரெசிபிஸ்’ இதே குடும்பம்தான். வேதியியலிலும் இதே சொல்: உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஊற்றினால் வெள்ளையாகத் திரண்டு மெல்ல அடியில் தங்குமே, அந்த வீழ்படிவு. மழை, பனி எல்லாவற்றுக்கும் பொதுவான ‘பிரெசிபிடேஷன்’ கூட இங்கிருந்து வந்ததே. ஆக, எல்லாமே மேலிருந்து கீழே விழுகிற சங்கதி.

சரி, இப்போது என் சந்தேகங்கள். ‘பிரெசிபிடஸ்’ என்பதையும் பலர் இதே அவசரப் பொருளில் எழுதுகிறார்கள். அது செங்குத்தான சரிவுக்கு உரியது என்று பிரித்து வைப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. உங்கள் பழக்கம் எப்படி?

அப்புறம், முக்கியமான கேள்வி. ‘அவசர முடிவு’ என்று எழுதினால், நெருக்கடியில் உடனே எடுக்க வேண்டியிருந்த முடிவு என்றும் படிக்கலாம். குறை சொல்லும் தொனி போய்விடுகிறது. ‘எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எடுத்த முடிவு’ கச்சிதமாகப் பொருந்துகிறது, அதிலும் ஒரு கவிழ்தல் இருக்கிறதே! ஆனால் கட்டுரை நடை கொஞ்சம் இறுக்கமானது. அங்கே இது உறுத்துமா? ‘முன்யோசனையற்ற முடிவு’ போதுமா, வேறு நல்ல சொல் யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?