ஜோயி ரமோனின் தனி ஆல்பம்: அவருடைய குரலா, ரமோன்ஸின் மிச்சமா?

பழைய கேசட்:

‘ரமோன்ஸ்’ என்ற அமெரிக்க பங்க் ராக் குழுவின் பாடகர் ஜோயி ரமோன் 2001 ஏப்ரல் 15 அன்று நிணநீர்ப் புற்றுநோயால் நியூயார்க்கில் காலமானார். பத்து மாதங்கள் கழித்து, 2002 பிப்ரவரியில், ‘டோண்ட் வொரி அபௌட் மீ’ வெளிவந்தது. அதை அவருடைய தனி ஆல்பம் என்றே எல்லோரும் குறிப்பிடுகிறோம். அந்தப் பெயர் அதற்குப் பொருந்துமா என்பதைத்தான் இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

தயாரித்தவரும் கிட்டார் வாசித்தவரும் டேனியல் ரே. அவர் ரமோன்ஸுக்காக 1987இல் ‘ஹாஃப்வே டு சானிட்டி’யையும், 1995இல் அவர்களின் கடைசி ஸ்டுடியோ ஆல்பமான ‘அடியோஸ் அமிகோஸ்’ஐயும் தயாரித்தவர். டிரம்ஸில் குழுவின் பழைய டிரம்மர் மார்க்கி ரமோன் இருக்கிறார். ஆக, பழைய கூட்டணியில் ஒரு பகுதி அப்படியே இருக்க, இல்லாமல் போனவர்களில் முக்கியமானவர் கிட்டார் வாசித்த ஜானி ரமோன். அந்தக் குழுவின் முதுகெலும்பே அவருடைய வலது கைதான். மேலிருந்து கீழாக மட்டுமே அடித்து, தனி வாசிப்பு எதற்கும் இடம் கொடுக்காமல், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே வேகத்தில் கொண்டுபோன அந்தக் கை இல்லாதபோது, மிஞ்சுவது நல்ல பாடகர் ஒருவர் பாடிய சாதாரண ராக் ஆல்பம் என்றுதான் எனக்குக் கேட்கிறது.

‘தி கிளாஷ்’ என்ற பிரிட்டிஷ் பங்க் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் 1989இல் தனியாக ‘எர்த்குவேக் வெதர்’ கொண்டுவந்தபோது அது விலைபோகவில்லை, அவருடைய குரலே கருவிகளுக்கு அடியில் புதைந்து கிடந்தது. இருந்தாலும் அந்தக் குழு விட்ட இடத்திலேயே நிற்காமல், புதிய ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வேறொரு திசையில் போய்ப் பார்த்தார். தோற்றாலும் அதைத் தனி ஆல்பம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஜோயியின் ஆல்பத்தில் அப்படி ஒரு புறப்பாடு எங்கே இருக்கிறது?

இரவு வானொலி:

நண்பர் பழைய கேசட் அவர்களுக்கு,

புறப்பாடு எங்கே என்று கேட்கிறீர்கள். அது 1980இலேயே நடந்துவிட்டது என்பது என் வாதம். ஃபில் ஸ்பெக்டர் தயாரித்த ‘எண்ட் ஆஃப் தி செஞ்சுரி’ ஆல்பத்தில் ‘பேபி, ஐ லவ் யூ’ என்ற பாடல் இருக்கிறது; அது முதலில் அறுபதுகளின் பெண்கள் குழுவான ரோனெட்ஸ் பாடியது. பின்னணியில் வயலின்கள் ஒலிக்கும் அந்தப் பதிவில் ரமோன்ஸ் நால்வரில் ஜோயி மட்டுமே இருக்கிறார். பிரிட்டன் பட்டியலில் அது 8ஆவது இடம் வரை போயிற்று. அட்டையில் குழுவின் பெயர் இருந்தாலும் அதுவே அவருடைய முதல் தனிப்பாடல்.

ஜானியின் கையைப் பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கை குழுவுக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. என்ன பாடலாம், எதைப் பாடக்கூடாது என்பதற்கும் அதுவே எல்லை வகுத்தது. 1985இல், மேற்கு ஜெர்மனியின் பிட்பர்க்கில் நாஜிப் படையினரும் புதைக்கப்பட்டிருந்த கல்லறைத் தோட்டத்துக்கு அமெரிக்க அதிபர் ரீகன் சென்றதைக் கண்டித்து ‘போன்ஸோ கோஸ் டு பிட்பர்க்’ பாடலைக் குழு வெளியிட்டது. ரீகனை மனமார ஆதரித்த ஜானிக்கு, அவரைக் கேலி செய்த அந்தத் தலைப்பு (போன்ஸோ, ரீகன் நடித்த பழைய படத்தில் வந்த சிம்பன்சி) பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு ‘அனிமல் பாய்’ ஆல்பத்தில் அதற்கு வேறு தலைப்பு முன்னே வந்தது, பழைய பெயர் அடைப்புக்குறிக்குள் ஒடுங்கியது. இதற்கெல்லாம் முன்பே, ஜோயி காதலித்த லிண்டா அவரைப் பிரிந்து ஜானியிடம் சென்று, பின்னர் அவரையே மணந்துகொண்டார். அதற்குப் பிறகும் இருவரும் ஒரே வேனில் ஊர் ஊராகப் போய், ஒருவரோடு ஒருவர் பேசாமல், 1996 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த கடைசி நிகழ்ச்சி வரை ஒரே மேடையில் நின்றார்கள். அப்படிப்பட்ட ஒரு குழுவிலிருந்து வெளியே வந்த மனிதர், இசைப் பாணியை மாற்றினால்தான் தனி ஆளாவார் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கருப்புத்தட்டு:

இருவரும் ஜானியைச் சுற்றியே பேசுகிறீர்கள். என் சிக்கல் வேறு. இந்த ஆல்பத்தை நாம் யாரும் ஒருபோதும் நேராகக் கேட்டதில்லை. இறந்துபோன மனிதரின் கடைசிக் குரல் என்ற எண்ணத்தோடுதான் கேட்கிறோம். முதல் பாட்டாக ‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ வருகிறது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1967இல் மெல்லப் பாடிய பாட்டை ஒரு பங்க் பாடகர் வேகமாகப் பாடுகிறார் என்பதைத் தவிர அதில் என்ன இருக்கிறது? அவர் உயிரோடு இருந்து இதை வெளியிட்டிருந்தால், ஒரு பழைய பாட்டை வேடிக்கைக்காகப் பாடியிருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்போம். ‘மிஸ்டர் பஞ்ச்சி’, ‘வென்டிங்’ ஆகிய இரண்டும் எந்த ஆல்பத்திலும் நிரப்புப் பாடல்களாகவே எண்ணப்படும். இங்கே அவற்றையும் யாரும் குறை சொல்வதில்லை. இறந்தவரை மதிப்பது நல்ல பண்புதான். ஆனால் அதை வைத்து இசையின் தரத்தைத் தீர்மானிக்க முடியாது.

நெய்தல்:

கருப்புத்தட்டு அவர்களே, அந்த எண்ணத்தை நாம் பின்னால் கொண்டுவந்து ஒட்டவில்லை. நோய் இருப்பது 1990களின் நடுப்பகுதியிலிருந்தே ஜோயிக்குத் தெரியும். அது தெரிந்த ஒருவர் பாடிய பாடல்கள் இவை. ஆகவே நோயை ஒதுக்கிவிட்டுக் கேட்பதுதான் இந்த ஆல்பத்தைத் தவறாகக் கேட்பது.

‘ஐ காட் நாக்ட் டவுன்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், எரிச்சல் தலைக்குள் ஓடுகிறது, தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்கிறார், மருந்தைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் மறக்க நினைக்கிறார், தன் வாழ்க்கை தனக்குத் திரும்ப வேண்டும் என்கிறார். மரணத்தை எதிர்கொள்ளும் வீரனாக அவர் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. நெடுநாளாகப் படுத்திருக்கும் எந்த நோயாளியும் பார்க்க வந்தவரிடம் முணுமுணுக்கும் அதே சலிப்புதான் அங்கே இருக்கிறது. கோரஸில் விழுந்தாலும் எழுந்துவிடுவேன் என்று வரும்போது, அந்தச் சொற்களுக்கு அவர் குரலை உயர்த்தவே இல்லை. முன் வரிகளின் அதே தணிந்த குரலில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் பாடுகிறார். இந்தப் பாட்டு ரமோன்ஸ் ஆல்பம் ஒன்றில் வந்திருக்க முடியுமா என்று பழைய கேசட் அவர்களையும் கேட்கிறேன். அந்தக் குழுவின் பாடல்களில் மனநலக் காப்பகமும் மின்னதிர்ச்சிச் சிகிச்சையும்கூட வந்ததுண்டு. ஆனால் அவை கேலிச்சித்திரத்தின் கோடுகளில் வரையப்பட்டவை. தன் உடம்பைப் பற்றி, நேரடியாக, பாவனை இல்லாமல் பாடிய ஜோயியை நாம் இங்கேதான் கேட்கிறோம்.

‘மரியா பார்ட்டிரோமோ’ என்ற பாட்டையும் இதோடு சேர்த்தே கேட்க வேண்டும். அது நியூயார்க் பங்குச்சந்தையின் வர்த்தகக் கூடத்திலிருந்து சிஎன்பிசி தொலைக்காட்சிக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்த பெண்ணைப் பற்றியது. பங்க் பாடகர் ஒருவர் வால் ஸ்ட்ரீட்டைப் பற்றி ஆசையாகப் பாடலாமா என்று முகம் சுளிக்கத் தோன்றலாம். ஜோயி பங்குகளில் உண்மையாகவே ஆர்வம் கொண்டிருந்தார், பணமும் போட்டிருந்தார். தினமும் தொலைக்காட்சியில் ஒரு முகத்தைப் பார்த்து, சந்தையில் இன்று என்ன நடக்கிறது என்று கேட்கிற பாட்டு அது. வீட்டிலேயே அதிகம் இருக்க நேர்ந்த ஒருவருடைய பகல்பொழுது அதில் அப்படியே பதிந்திருக்கிறது. ரமோன்ஸின் தோல் ஜாக்கெட்டுக்குள் அதற்கு இடமே இருந்திருக்காது.

‘வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்’ வெறும் வேகக்கூட்டல் என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. கிட்டார் எவ்வளவு இரைந்தாலும் மூல மெட்டை ஜோயி எங்கும் கலைக்கவில்லை. எந்தச் சொல்லையும் கேலியாக உச்சரிக்கவில்லை. வரியின் கடைசி உயிரெழுத்தை இழுத்து, லேசாகக் குரல் இடறவிட்டு, அறுபதுகளின் பெண் பாடகிகளிடமிருந்து தான் கற்ற முறையிலேயே முடிக்கிறார். வேடிக்கைக்காகப் பாடுகிறவர் அவ்வளவு பணிவாகப் பாட மாட்டார்.

பழைய கேசட்:

நெய்தல் அவர்கள் சொன்ன இரண்டு பாடல்களின் வரிகள் ஜோயிக்கே உரியவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் கேள்வி ஒலியைப் பற்றியது. ‘1969’ பாடலைப் பாருங்கள். பங்க் இசைக்கு முன்னோடியான ஸ்டூஜஸ் குழுவின் முதல் ஆல்பத்தைத் தொடங்கிவைத்த பாட்டு அது. ரமோன்ஸ் 1993இல் பிறருடைய பாடல்களை மட்டும் பாடி ‘ஆசிட் ஈட்டர்ஸ்’ வெளியிட்டார்களே, அதில் இதைச் செருகியிருந்தால் ஒருவருக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது.

எனக்கு உண்மையில் இருக்கும் வருத்தத்தைச் சொல்கிறேன். ஜோயிக்குள் இன்னொரு பாடகர் இருந்தார். ‘ஐ வாண்ட் யூ அரௌண்ட்’ பாடியவர், ‘ஷி டாக்ஸ் டு ரெயின்போஸ்’ எழுதியவர். ரோனெட்ஸின் பாடகி ரோனி ஸ்பெக்டர் 1999இல் அந்தப் பாட்டின் பெயரிலேயே ஒரு சிறு இசைத்தட்டு வெளியிட்டபோது, அதைத் தயாரித்தவர்களில் ஜோயி ஒருவர். அதைக் கேட்ட எவருக்கும் அவருடைய தனி ஆல்பம் எந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்பது விளங்கும். ஆனால் இங்கே வேகத்தைக் குறைத்து, குரலுக்கு இடம் விட்டுப் பாடியது என்று ‘சர்ச்சிங் ஃபார் சம்திங்’ ஒன்றைத்தான் என்னால் முழு மனதோடு சொல்ல முடிகிறது. மற்றவற்றில் கிட்டார் தன் பழைய வேலையைப் பழைய ஆளின் திறமை இல்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

இரவு வானொலி:

நீங்கள் விரும்பும் ஜோயியைத்தான் நானும் விரும்புகிறேன். ஆனால் நாம் விரும்பிய ஆல்பத்தை அவர் தரவில்லை என்பதற்காக, அவர் தந்தது அவருடையது இல்லை என்று சொல்லிவிட முடியாது. ரமோன்ஸ் ஒலி ஜானியின் சொத்து மட்டும்தானா? குழுவில் முதலில் டிரம்ஸ் அடித்தவர் ஜோயி; ஸ்டூஜஸைக் கேட்டு வளர்ந்தவரும் அவர்தான். அந்த இரைச்சலும் அவர் வீட்டுச் சாமான்தான்.

யாருடைய ஆல்பம் என்ற கேள்வியை உண்மையில் கேட்க வேண்டியது 2012இல் வெளிவந்த ‘யா நோ?’வைப் பற்றித்தான். ஜோயி விட்டுச்சென்ற மாதிரிப் பதிவுகளில் இருந்த குரலை எடுத்து, அவருடைய தம்பி மிக்கி லீயின் முயற்சியில், எட் ஸ்டேசியம் முதலானோரின் தயாரிப்பில், ஜோன் ஜெட், ஸ்டீவன் வான் சாண்ட் போன்ற ராக் கலைஞர்களைச் சேர்த்து, அவர் இறந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பின் உருவாக்கிய ஆல்பம் அது. அன்போடு செய்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனாலும் அந்தக் குரலைச் சுற்றி என்ன ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் மற்றவர்கள். 2002 ஆல்பத்துக்கு டேனியல் ரேயை அழைத்தவர் ஜோயி. ஆம்ஸ்ட்ராங்கையும் ஸ்டூஜஸையும் ஒரே தட்டில் வைத்தவரும் அவர்தான்.

கருப்புத்தட்டு:

‘ஐ காட் நாக்ட் டவுன்’ பற்றி நெய்தல் எழுதியதைப் படித்துவிட்டு மறுபடியும் கேட்டேன். கோரஸில் குரல் உயரவில்லை என்பது சரியான கவனிப்பு. அந்தப் பாட்டு அவருடைய இறப்பின் துணை இல்லாமலே நிற்கும். ஆனால் கடைசிப் பாட்டான தலைப்புப் பாடல் விஷயத்தில் என் நிலை மாறவில்லை. அது முறிந்துபோன காதலைப் பற்றிய பாட்டு. ஒத்துவராமல் போன ஒருத்தியிடம் விடைபெற்றுக்கொண்டு போகிறவன் பேசுகிறான். அதையே ஆல்பத்தின் பெயராக்கி, இறுதியிலும் வைத்தபிறகு, உலகமெங்கும் உள்ள ரசிகர்கள் அதைத் தங்களுக்குச் சொல்லப்பட்ட ஆறுதலாக எடுத்துக்கொண்டார்கள். பாட்டில் இல்லாத பொருளை நாம் ஏற்றிவிட்டோம்.

நெய்தல்:

பாட்டில் இருப்பது காதல் முறிவுதான், அதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காதல் முறிவைப் பாடும்போதும் ஜோயி யாரையும் பழிப்பதில்லை, தன்னைத் தேற்றிக்கொண்டு போய்விடுகிறார். 1976இல் வெளிவந்த முதல் ஆல்பத்தில் ‘ஐ வான்னா பி யுவர் பாய்ஃபிரெண்ட்’ பாடியபோதும் அந்தக் குரலில் இதே கூச்சம்தான் இருந்தது. இருபது ஆண்டுகள் ஜானியின் கிட்டாருக்கு மேலே மிதந்துகொண்டிருந்த அந்தக் கூச்சம், இந்த ஆல்பத்தில்தான் மிக்ஸிங்கிலும் முன்னே வருகிறது. கிட்டார் சாதாரணமாக இருக்கிறது என்பது பழைய கேசட் அவர்களின் குறை. அது சாதாரணமாக இருப்பதால்தான் குரலில் உள்ள ஒவ்வொரு இடறலும் எனக்குக் கேட்கிறது.